முதலாளி மாட்டிவிட்ட சட்டை

வாடகைக்கு ஆள் வராத மலைவீட்டைக் கார்த்திகையில் பூட்டிய முதலாளி, பனியில் நனையாதிருக்கப் பூட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு ஊருக்குப் போனார். பூட்டுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு நாய் குட்டிகளோடு வந்தது.

"அண்ணே, நாலு அறை சும்மாத்தானே கிடக்கு? கொஞ்சம் திறந்துவிடேன். குட்டிங்க விறைச்சுப்போகுது."

"எனக்குச் சட்டை மாட்டிவிட்ட மனுசனுக்கே துரோகமா?"

"சட்டைக்குள்ள தண்ணி கோத்து நிக்குதே!"

"வயித்தெரிச்சல் உனக்கு. போ, போ."

நாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் போனது.

பங்குனியில் முதலாளி வந்தார். பையைக் கழற்றிச் சாவியைப் போட்டார். துருவேறிய பூட்டு அசையவில்லை.

"சனியன், நாலு மாசம் தாங்கலையே!"

சுத்தியலால் ஓங்கி அடித்தார். தரையில் விழுந்த பூட்டு நிமிர்ந்து பார்த்தது. முதலாளி அந்தப் பையை உதறி, புதுப் பூட்டுக்கு ஆகுமென்று மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.