எடப்பக்கம் பாருலே

அன்று தூறலா, வெயிலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் அண்ணன் இசக்கிதுரை தடுப்பாட்டம் ஆட, வேலிக்கு வெளியே அம்மா கத்திக்கொண்டிருந்தாள்: "எடப்பக்கம் பாருலே, எரும!"

லீக் அணிக்கு இளம் வீரர்களைப் பொறுக்கும் இயந்திரம் அண்ணனின் எல்லா ஆட்டங்களையும் பார்த்துவிட்டு, அம்மாவைத் தேர்ந்தெடுத்தது.

"எனக்கு ஓட வராதுய்யா. சின்னதுலேர்ந்து இதுக்குன்னே கெடக்கான், அவன எடுங்க."

"நீங்க வராத ஆட்டத்துல அவரு ஒரு பந்தக்கூட தடுக்கலயேம்மா," என்றார் இயந்திரத்தின் முடிவைச் சொல்ல வந்த தேர்வாளர்.

அண்ணன் மட்டையை வேலியில் சாய்த்துவிட்டு, "போயிட்டு வாம்மா. ஊரான் புள்ளைகள அளவா திட்டு," என்றான்.

அம்மா சென்னையில் பதினொரு பேரைத் திட்டுகிறாள். அண்ணன் கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் போகிறான். டிவியில் ஆட்டம் ஓடும்போது அவள் குரல் கேட்டால், சோற்றுத் தட்டோடு இடப்பக்கம் திரும்பிவிடுகிறான்.