என் சுண்ணாம்பைத் தொடாதே

“கையை எடுடீ! இனிமே என் சுண்ணாம்பைத் தொடாதே.”

தோர்காஸ் சுண்ணாம்புக் குடுவையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரோடாவின் கை அந்தரத்தில் நின்றது. விரலிடுக்கில் பாதி கடித்த வெற்றிலைக் கொடிக் காய்; அந்த ஊரில் இலைக்குப் பதில் காய்தான். வாயில் பாக்கு.

ஆறு வருஷமாக மடாங் ஊர்ச் சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடை. தோர்காஸ் பாக்கு விற்பாள். ரோடா சேப்பங்கிழங்கு விற்பாள். காலையில் கடை விரித்ததும் முதல் பாக்கை இருவரும் சேர்ந்துதான் போடுவார்கள். ஒரே குடுவை. கடித்த காயையே சுண்ணாம்பில் தொட்டுத் தொட்டுக் கடிப்பார்கள். எச்சில் என்று யாரும் நினைத்ததில்லை.

“என்னக்கா, விளையாடுறியா?”

“விளையாடுற வயசா எனக்கு? தள்ளி உட்காரு.”

சொன்னவள் தானே தள்ளிப் போனாள். பாக்கு மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நாலு கடை தாண்டி உட்கார்ந்தாள். போதாக்குறைக்கு ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள்.

எதிரே தேங்காய் விற்கிற காலேப்புக்குக் கொண்டாட்டம். “என்ன ரோடா, எத்தனை நாளாக் குளிக்கலை?”

சுற்றிலும் சிரிப்பு.

ரோடா தோர்காஸையே பார்த்தாள். தெரிந்துவிட்டது. இவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரோடாவுக்கே நேற்றுதான் தெரியும். வயிற்றில் நாலு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எச்.ஐ.வி. இருக்கும்மா.”

அப்புறம் நர்ஸ் பேசியதில் பாதி காதில் ஏறவில்லை. ஏறியது இவ்வளவுதான். தினம் ஒரு மாத்திரை. நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் நீயும் நல்லா இருப்பே, பிள்ளைக்கும் வராமத் தடுக்கலாம். நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்.

சொல்ல மாட்டார்களாம்! முழுசாக ஒரு நாள் தாங்கவில்லை.

“கிழங்கு குவியல் எவ்வளவும்மா?”

யாரோ கேட்டார்கள்.

“ஏம்மா, உன்னைத்தான். அஞ்சு கினாவா?”

ரோடா அந்த ஆளைப் பார்த்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனான்.

மணி எட்டாகப் போகிறது. பின்னல் பைக்குள் கையை விட்டாள். மாத்திரை டப்பா தட்டுப்பட்டது. இதை விழுங்கினால் மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போனால் ஒவ்வொருத்தராகத் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். கப்பலில் வேலைக்குப் போயிருக்கிற புருஷன் காது வரைக்கும் போகும்.

எழுந்தாள். பையோடு விறுவிறுவென்று போய் தோர்காஸ் முன்னால் நின்றாள்.

“எந்தச் சிறுக்கி உன்கிட்டச் சொன்னா?”

“கத்தாதே.”

“கத்துவேன். ஆறு வருஷமா என் கிழங்கைத் தின்னவதானே நீ? அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் இனிமே தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இதைக் கொண்டுபோய்க் கடல்ல எறியப் போறேன். போதுமா?”

காலேப் கழுத்தை நீட்டினான். “எதைக் கடல்ல எறியப் போறா?”

“உன் தேங்காயைத்தான். வேலையைப் பாருடா!” என்று தோர்காஸ் சீறினாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துண்டுக்குள் இருமினாள். லேசில் நிற்கவில்லை.

நின்றதும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எவளும் சொல்லலை. நானே பார்த்தேன். நேத்து அந்த மாத்திரை வாங்குற வரிசையில உனக்கு மூணு ஆள் பின்னால நின்னேன். நீ திரும்பியே பார்க்கலை. பேய் அடிச்ச மாதிரி போனே.”

“பார்த்ததும் அருவருப்பு வந்துடுச்சா? சுண்ணாம்பு வழியா உனக்கு ஒட்டிக்குமா?”

“அடி மக்கு! உன்கிட்ட இருக்கிறது சுண்ணாம்புல ஒட்டாது. என்கிட்ட இருக்கிறதுதான் இருமினாலே ஒட்டும்.” தோர்காஸ் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். “மூணு வாரமா இருமல். டிபியா இருக்கும்னு சளி எடுத்திருக்காங்க. நாளைக்குத்தான் தெரியும். உன் உடம்பு இப்போ எதையும் தாங்காதுடீ. வயித்துல வேற ஒண்ணு. பக்கத்துல உட்காராதேன்னு மெதுவாச் சொன்னா நீ கேட்டிருப்பியா? மடியில வந்து உட்கார்ந்து கை கால் பிடிச்சு விட்டிருப்பே. அதான் திட்டினேன்.”

பாக்கை எப்போது துப்பினாள் என்றுகூட ரோடாவுக்குத் தெரியவில்லை.

“சுண்ணாம்புல ஒட்டாதுன்னு… உனக்கு எப்படித் தெரியும்? சளி பார்க்கிற இடம் வேறயாச்சே. அந்த வரிசையில நீ எதுக்கு நின்னே?”

தோர்காஸ் தன் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அதே டப்பா. ஒரு மாத்திரையைத் துண்டுக்கு அடியில் வாயில் போட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“ஒன்பது வருஷமா நான் விழுங்கலையா? நீயும் விழுங்குடீ!”