இரண்டாயிரம் டாலர் கூடுதல்

கர்ஸ்டிக்குப் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும். சோதித்துச் சான்றிதழ் கொடுத்த காருக்கு இரண்டாயிரம் டாலர் கூடுதல். அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான்.

“வேண்டாம்மா. கார்ட்டர்டன்ல ஒரு டீச்சர் தன் காரை விக்கிறாங்க. நானே வந்து பாத்துச் சொல்றேன்” என்றார் அப்பா டெரெக்.

“கைக்குழந்தையோட தினம் ரெமுடகா மலையைத் தாண்டுறவ நான். சான்றிதழ் இருந்தாத்தான் நிம்மதிப்பா.”

“அது வெறும் காகிதம்.”

“பெத்த மகளுக்குச் செலவுன்னா மட்டும் உங்களுக்குக் கை நடுங்கும்!” என்று சிரித்தாள் அம்மா நொலீன். டெரெக் சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மதியம் கர்ஸ்டியின் போன் வந்தது.

“அப்பா, திட்டாதீங்க. சான்றிதழ் காரையே வாங்கிட்டேன். பாப்பா பின்னால தூங்குறா. மலை உச்சிக்கு வந்துட்டோம்.”

“யார்கிட்ட வாங்கின?”

“உங்க கம்பெனியிலதான்! நீங்க லீவுல இருக்கிற நாளாப் பாத்துப் போனேன். சான்றிதழ்ல நூத்தம்பது சோதனைக்கும் கீழே உங்க கையெழுத்தைப் பாத்ததும் வேற யோசனையே வரல. பிரேக்கை மட்டும் ரொம்ப ஆழமா அழுத்த வேண்டியிருக்கு. அது அப்படித்தானாப்பா?”

“கண்ணு, வண்டியை நிறுத்து! ஓரமா...”

மலை வளைவில் சிக்னல் அறுந்தது. டெரெக் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்.

“ஏன் இப்படிப் பதறுறீங்க? அந்தக் காரை நீங்கதானே சோதிச்சீங்க?” என்றாள் நொலீன்.

முதலாளி அவசரப்படுத்திய ஒரு மதியம், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமலே பதினோரு கார்களுக்கு டெரெக் கையெழுத்துப் போட்டிருந்தார்.