ஒளிக்க ஓர் இடம்

“வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போற கதை. இதைப் பதினைஞ்சு வயசில வாசிக்கிறதே?” அபிசனாவின் கையிலிருந்த நாவலை அம்மா பறித்துவிட்டாள்.

“அது வருங்காலத்தில நடக்கிற கற்பனை, அம்மா. என்ர வயசில நீங்கள் கலியாணமே கட்டினனீங்கள். நான் வாசிச்சாத்தான் பிழையோ?”

சல்லிக் கிராமத்தில் அவர்கள் வீட்டில் யாரும் அந்தக் கலியாணக் கதையை எடுப்பதில்லை. அம்மா காதலித்து ஓடிப்போனவள் என்றே அபிசனா எண்ணியிருந்தாள்.

மறுநாள் மாலை அம்மாவே நாவலைத் திருப்பிக் கொடுத்தாள்.

“முழுக்க வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருக்கு. ஒரு இடம்தான் பிழை. அந்தத் தாய் பிள்ளையை அலுமாரிக்குள்ள ஒளிக்கிறா. பிடிக்க வாறவை முதல் திறக்கிறதே அலுமாரியைத்தான்.”

அபிசனாவுக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப வேற எங்க ஒளிக்கிறதாம்?”

“சண்டைக் காலத்தில, கலியாணம் கட்டின பிள்ளையளைப் பிடிக்கிறேல்லை எண்டு ஊரெல்லாம் ஒரு கதை இருந்தது.”

அம்மா சட்டைக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே எடுத்தாள்.

“எங்கட அம்மா என்னை இதுக்குள்ளதான் ஒளிச்சவ,” என்றாள். “சண்டை முடிஞ்சும் நான் வெளியில வரேல்ல.”