மேல் மூலையில் ஒரு ரெக்கை

“ரெக்கை தெரியுதுப்பா, ரெக்கை!” லேப்டாப் திரையை விரலால் குத்தினார் மரியராஜ். “கண்ணை எங்க வச்சுக்கிட்டு எடுத்த? உன்னை நம்பிக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அசீமுக்குச் சுருக்கென்றது. வாடிப்பட்டி சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளை ட்ரோனில் எடுத்தவன் அவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இதுவரை யாரும் கேட்டதில்லை.

ரிட்டயர்டு தலைமையாசிரியர் மரியராஜ், போன வாரம்தான் சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துப் புது வீட்டில் குடியேறியிருந்தார். படத்தில் வீடு பளிச்சென்றுதான் இருந்தது. வலது மேல் மூலையில் மட்டும் ட்ரோனின் ரெக்கை நுனி நடுங்கிக்கொண்டிருந்தது.

“வேகமா முன்னால பறந்தா ட்ரோன் மூக்கைக் கவுத்துக்கிரும் சார். அப்ப ரெக்கை உள்ள எட்டிப் பாக்கும். அந்த மூலையை மட்டும் வெட்டிட்டா சரியாயிரும்.”

“வெட்டுவியா? அந்த மூலைதான்யா எனக்கு முழுசா வேணும்! போய் மறுபடி எடு.”

மூலையில் இருந்தது பக்கத்து வீடு. அந்த வீட்டுக்காரி பாக்கியமேரி, மரியராஜின் கூடப் பிறந்த தங்கை. அப்பா சொத்தைப் பிரித்த நாளிலிருந்து நாலு வருஷமாக அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை, பால் காய்ச்சியதற்குக்கூடக் கூப்பிடவில்லை என்று காலையில் அசீமுக்குத் தண்ணீர் கொடுத்தபோதே சொல்லி அழுதிருந்தாள். அந்த மனுஷர் செத்தாலும் பேசமாட்டார் என்றுதான் அசீமும் நினைத்திருந்தான்.

ட்ரோனைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

“என்ன தம்பி, இம்புட்டுச் சத்தம் போடுறாரு?”

“உங்க வீட்டை ரெக்கை மறைக்குதாம்க்கா. உங்க வீடு முழுசாத் தெரிஞ்சே ஆகணுமாம்.”

“எங்க வீடா? அண்ணனா கேட்டாரு?” அவளுக்கு நம்பவே முடியவில்லை. “ஒரு நிமிசம் இருங்க, இந்தா வாரேன்.”

மாடியில் காய்ந்த துணிகளையும் வத்தல் பாயையும் அள்ளி உள்ளே போட்டாள். நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, தன் மாடியிலிருந்தே ட்ரோனை ஏற்றிக்கொள்ளச் சொன்னாள்.

அசீம் இந்த முறை அவசரப்படவில்லை. கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து ட்ரோனை மெதுவாக நகர்த்தினான். அப்படியும் கீழேயிருந்து மரியராஜின் குரல் வந்தது.

“எம்புட்டுத் தடவைப்பா சொல்றது? இன்னும் கீழ! கேமரா நேராத் தரையைப் பாக்கட்டும்!”

“அப்படி எடுத்தா உங்க வீட்டு முகப்பு தெரியாதே சார்?”

“முகப்பை நான் தினம் பாக்குறேன். சொன்னதைச் செய்யி!”

கிரானைட் முகப்பைக் காட்டத்தான் ஊரே ட்ரோன் கேட்கும். இவர் என்ன பிறவியோ என்று முனகிக்கொண்டே, இரண்டு வீட்டுக்கும் நேர் மேலே ட்ரோனை நிறுத்தினான்.

பாக்கியமேரி அண்ணாந்து பார்த்துக் கையாட்டினாள். “நான் தெரியுறேனா தம்பி? அண்ணன் பாக்கட்டும்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்! வாங்கிய ஏச்செல்லாம் அசீமுக்கு அந்த நிமிடமே மறந்துபோனது.

லேப்டாப்பில் மரியராஜ் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். மருந்துக்குக்கூட ரெக்கை இல்லை. தங்கை கையாட்டுகிற இடத்தில் படத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம் சார்” என்றான் அசீம். “நீங்களே கேட்டீங்கன்னதும் அழுதுட்டாங்க.”

“இந்த இடம் மட்டும் போதும். என் வீட்டையெல்லாம் வெட்டிரு.”

“உங்க வீட்டையா? ஏன் சார்?”

மரியராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவ அடுப்படி என் எடத்துல மூணடி ஏறி நிக்குது பாரு, அதை மட்டும் என் வக்கீலுக்கு அனுப்பு.”