மூன்றாவது வரிசை

"குழந்தை இல்லாத வீட்டுல தொட்டில் எதுக்கு? துணி காயப்போட!"

திரையில் அரங்கமே அதிர்ந்தது. அந்த மேடை நிகழ்ச்சியைப் படமாகத் தொகுத்துக்கொண்டிருந்த எடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டென்று நிறுத்தினார்.

"சார், இந்த ஜோக் வேண்டாம். பிள்ளை இல்லாதவங்க மனசு என்ன பாடுபடும்?"

"ஆயிரம் பேர் சிரிச்சாங்க. வலிச்சவங்க ஒருத்தரைக் காட்டுங்க, நானே வெட்டச் சொல்றேன்!" என்று எகிறினார் மேடையில் அந்த ஜோக்கைச் சொன்ன, இப்போது பக்கத்தில் இருந்த காமெடியன். "அதோ, மூணாவது வரிசையில ஒரு அம்மா! முகத்தைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க. ஜோக் முடிஞ்சதும் அவங்களைப் பெருசா காட்டுங்க."

"அவங்களையா?"

"அவங்களைத்தான்! சொன்னதைச் செய்யுங்க."

எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஷாட்டைத் திரை முழுக்க வைத்து ஓடவிட்டார். ஐந்தாவது நொடியில் கைகள் விலகின. கண்கள் சிவந்து, முகமெல்லாம் நனைந்திருந்தது.

காமெடியன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என் பொண்டாட்டி... தலைவலி, வரலைன்னு சொன்னாளே!"

எடிட்டரின் கோபம் அப்போதும் அடங்கவில்லை.

"இப்ப வெட்டட்டுமா சார்?"