ஜப்பான் லேபிள்

அச்சக முதலாளி தங்கச்சாமியின் பழைய காருக்குப் புது கியர்பாக்ஸ் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஜப்பானில் கழற்றிய பழையது ஒன்றைப் பாதி விலைக்குக் கப்பலில் வரவழைத்துக் கொடுத்தார் சாத்தூர் புரோக்கர்.

பெட்டி வந்ததும், பிரிப்பதற்கு முன்பே தங்கச்சாமி ஃபோர்மேன் பிரபாகரனைக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்த லேபிளைப் பாரு. ஜப்பான் எழுத்து எம்புட்டு சுத்தமா விழுந்திருக்கு. நீயும் அடிக்கியே, குருவி வெடி அட்டையில குருவிக்கு ரெண்டு மூக்கு."

பிரபாகரன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, இதுவும் நம்ம மிஷின்ல ஓடுனதுதான். போன மாசம் மதுரைக்காரர் ஒருத்தர் குடுத்த ஆர்டரு. எதுக்குன்னு கேக்காம அடிலேன்னு நீங்கதான் சொன்னீக."

தங்கச்சாமி பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அப்போ உள்ள இருக்கது?"

"அதையும் நாம கேக்கலையே அண்ணாச்சி."